குருவில்லாத வீடுகளில் காத்த விசுவாசம்



யூபிலி மலருக்காக நம் பங்கின் வரலாற்றை எழுதித் தரும்படி விழாக் குழுவினர் கேட்டபோது, பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளையும் கணக்குப் புத்தகங்களையும் மேசைமேல் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தோம். கறையான் தின்றது போக மிஞ்சியவற்றில் பங்குத்தந்தையரின் பெயர்கள் வரிசையாய்க் கிடைத்தன. பீடம் எப்போது கட்டப்பட்டது, மணிக்கூண்டுக்கு எத்தனை மூட்டை சுண்ணாம்பு வாங்கப்பட்டது, யார் யார் எவ்வளவு காணிக்கை கொடுத்தார்கள் என்பதெல்லாம் கிடைத்தன. அந்தப் பட்டியல் இம்மலரிலேயே வேறிடத்தில் அச்சாகியுள்ளது.

ஆனால் நமக்கு ஒரு குறை. இவ்வூர்ப் பிள்ளைகளின் நெற்றியில் முதன்முதல் சிலுவை அடையாளம் வரையக் கற்றுக்கொடுத்தது யார்? மழை பெய்து சாமியார் வர இயலாத மாதங்களில் சாகக் கிடந்தவரின் தலைமாட்டில் செபம் சொன்னது யார்? பதிவேட்டில் ஒரு வரியும் இல்லை. சாமியார்மார் எழுதிய ஏட்டில் சாமியார்மாரே நிறைந்திருப்பது வியப்பன்று. ஆயினும் அது முழு வரலாறாகாது என்று நம் மனம் உறுத்திற்று.

அப்போதுதான் குருமடத்தில் திருச்சபை வரலாற்று வகுப்பில் நாம் அரைத் தூக்கத்தில் கேட்ட ஒரு கதை நினைவுக்கு வந்தது. பங்குத்தந்தையரின் பட்டியலில் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு பெயர்கூட இல்லாத திருச்சபை ஒன்று இவ்வுலகில் இருந்தது. குரு இல்லை, கோயில் இல்லை, பூசை இல்லை. அடுக்களையும் படுக்கையறையும் தோட்டமும் கடற்பாறையுமே அதற்குக் கோயில்கள். நம் கரையிலிருந்து போன ஒரு பெரியவரே அங்கு விதை ஊன்றினார் என்பதால் அந்தக் கதையை இவ்விழா நாளில் சொல்ல நமக்குச் சிறிது உரிமையும் உண்டு.

அந்தப் பெரியவர் நம் புனித சவேரியார். 1542-ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டி உட்காரவைத்து, விசுவாசப் பிரமாணத்தையும் பரலோக மந்திரத்தையும் அருள்நிறை மந்திரத்தையும் கற்பனைகளையும் தமிழாக்கி, தாமே பள்ளிப் பிள்ளையைப்போல் மனப்பாடம் செய்தார். கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாய்ப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்குச் சொன்னார்கள். நோயாளிகள் பலர் அழைத்தபோது எல்லா வீட்டுக்கும் தம்மால் போக முடியாமல் பிள்ளைகளையே அனுப்பி, அங்கே செபம் சொல்லச் செய்ததாக 1544-இல் எழுதிய கடிதத்தில் அவரே குறிப்பிடுகிறார். ஏட்டைவிட நாக்கையும், குருவைவிட வீட்டையும் நம்பிய முறை அது.

1549-ஆம் ஆண்டு, மோட்ச ஆரோபணத் திருநாளாகிய ஆகஸ்டு 15 அன்று, அவர் ஜப்பானின் ககோஷிமா துறையில் இறங்கினார். இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல் அங்கிருந்தார். அவருக்குப் பின் வந்த சேசு சபையாரும் பிறரும் உழைத்ததில், அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டில் ஏறக்குறைய மூன்று லட்சம் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள்.

பிறகு வந்தது வேதகலாபனை. 1597 பெப்ருவரி 5-இல் நாகசாகி நகரில் 26 பேர் சிலுவையில் அறையப்பட்டார்கள். 1614-இல் நாடெங்கும் கிறிஸ்தவ வேதம் தடைசெய்யப்பட்டது. கிறிஸ்தவரைக் காட்டிக்கொடுத்தால் வெள்ளிப் பணம் தருவதாகச் சாலையோரங்களில் பலகை நட்டார்கள். ஐந்து வீட்டை ஒரு கட்டாகக் கட்டி, ஒரு வீடு செய்த குற்றத்துக்கு ஐந்து வீடும் பொறுப்பென்றார்கள். ஒவ்வொரு குடும்பமும் ஒரு புத்த கோயிலில் பெயர் பதிய வேண்டும் என்றார்கள். நாட்டுக்குள் ஒளிந்து பணிபுரிந்த கடைசிக் குருவானவரும் 1644-இல் கொல்லப்பட்டார். அதோடு பட்டியல் நின்றது.

குரு போனபின் அந்த மக்கள் என்ன செய்தார்கள் என்பதே நம்மை வியக்கவைப்பது. நாகசாகியை ஒட்டிய உரகாமி ஊரார் தங்களுக்குள் வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஒருவர் நாட்காட்டிக்காரர்: எந்த நாள் திருநாள், எந்த நாள் தபசு என்று கணக்குப் பார்த்துச் சொல்பவர். ஒருவர் தண்ணீர்க்காரர்: பிறந்த குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பவர். ஒருவர் கேள்விக்காரர்: நாட்காட்டிக்காரர் சொன்னதை வீடுவீடாய்ச் சேர்ப்பவர். உழவும் கூலியும் பார்த்துப் பிழைத்த ஏழைகள் இவர்கள். பிற பகுதிகளில் பஸ்தியான் என்ற உபதேசியார் விட்டுச்சென்ற நாட்காட்டி வழங்கிற்று. பஸ்தியான்! நம் கடற்கரையில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் இன்றும் நாலுபேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஏழு தலைமுறைக்குப் பின் பெரிய கறுப்புக் கப்பலில் குருக்கள் வருவார்கள், வாரந்தோறும் பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்று அவர் சொல்லிப்போனதாக மக்கள் பேசிக்கொண்டார்கள்.

கோயில் இல்லாதவர்களுக்கு வீட்டுச் சாமான்களே தட்டுமுட்டு ஆயின. வெள்ளைப் பீங்கானில் செய்த கன்னோன் என்னும் புத்த சமய இரக்க தேவியின் சிலை கடையில் கிடைக்கும். அதை வாங்கிவந்து மாதாவாக எண்ணி வணங்கினார்கள். வெளியார் கண்ணுக்குக் கன்னோன், வீட்டார் கண்ணுக்குக் கன்னிமரி. இகிட்சுகி என்ற தீவில், படுக்கை சுருட்டி வைக்கும் உள்ளறையில், அந்நாட்டுப் பெண்களைப்போல் உடையுடுத்திக் குழந்தையை ஏந்திய மாதா படத்தை மறைத்து வைத்தார்கள். காகிதத்தைக் கத்தரித்துச் சிறு சிலுவைகள் செய்து வைத்துக்கொண்டார்கள். ஞானஸ்நானத் தண்ணீரை எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமா? அருகிலுள்ள நகாயெனோஷிமா என்னும் ஆளில்லாத் திட்டில் 1622-இல் வேதசாட்சிகள் சிலர் கொல்லப்பட்டார்கள். அந்தத் திட்டின் பாறை வெடிப்பில் கசியும் நீரைப் படகில் போய் எடுத்துவந்து, 'சான் சுவான்' தண்ணீர் என்று ஸ்நாபக அருளப்பர் பெயரால் அழைத்தார்கள்.

அமகுசா தீவுகளில் சகிட்சு என்றொரு மீனவர் குப்பம். அங்கே பாறையில் ஒட்டி வாழும் ஒருவகைச் சிப்பியை மக்கள் தின்பதற்காகப் பெயர்த்தெடுப்பார்கள். அதன் உட்புறம் முத்தைப்போல் பலநிறமாய் மின்னும். அந்த மினுக்கத்தின் கோடுகளில் அவர்கள் தேவதாயின் உருவத்தைக் கண்டார்கள். அதிகாரி வந்து வீட்டைச் சோதித்தால் அது தின்றுபோட்ட சிப்பி. அவர் போனபின் அதுவே சுரூபம். 1805-இல் அத்தீவுகளில் நான்கு கிராமங்களைச் சேர்ந்த ஐயாயிரம்பேருக்கு மேல் இவ்வாறு மறைவாய் வேதம் காத்துவருவது வெளிப்பட்டுப்போயிற்று. அத்தனைபேரைக் கொல்லவும் முடியாமல், இவர்கள் ஏதோ தவறான பழக்கத்தில் விழுந்தவர்கள் என்று எழுதி அரசாங்கம் விட்டுவிட்டது. சிப்பியைக் கையில் எடுத்து மாதாவைக் கண்டவர்களை நம்மில் சில படித்தவர்கள் பாமரர் என்பார்கள். நாமும் ஒருகாலத்தில் அப்படித்தான் சொல்லியிருப்போம்.

செபங்களை அவர்கள் 'ஒராஷோ' என்றார்கள். 'ஒராசியோ' என்ற இலத்தீன் சொல்லின் சிதைவு அது. தாய் மகளுக்கும் தகப்பன் மகனுக்குமாக, எழுத்தில் வைத்தால் ஆபத்தென்று, காதில் சொல்லிக் கொடுத்தார்கள். தலைமுறைகள் கடந்தபோது சொற்கள் தேய்ந்தன, பொருளும் சில இடங்களில் மறந்துபோயிற்று. ஆயினும் இஸ்பிரீத்து சாந்துவை அவர்கள் 'சுபிரித்சு சாந்தோ' என்று சொல்லிவந்தார்கள்.

இதைப் படித்தபோது நமக்குச் சுருக்கென்றது. காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். குருப்பட்டம் பெற்று முதன்முதல் உதவிப் பங்குத்தந்தையாகக் கடற்கரை ஊரொன்றில் இருந்தோம். அங்கே ஒரு பாட்டி மாலைதோறும் செபமாலையை முன்னின்று சொல்வார். "பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து" என்றுதான் தொடங்குவார். போர்த்துக்கீசர் காலத்துச் சொல், தூய ஆவி என்று சொல்லவேண்டும் என்று கோயிலில் பலர் முன்னிலையில் திருத்தினோம். குருமடத்துப் படிப்பின் சூடு இன்னும் ஆறாத வயது. "சரி சாமி" என்றார். மறுநாளிலிருந்து அவர் முன்னின்று சொல்லவில்லை. பின்வரிசையில் தூணோரம் உட்கார்ந்து வாய்க்குள் முணுமுணுத்தார். அந்த ஊர்க் கோயிலில் முந்நூறு நானூறு ஆண்டுகளாய் அறுபடாமல் வந்த ஒரு நூலை நாம் பல்லால் கடித்து அறுத்தோம் என்று அன்று நமக்குத் தெரியவில்லை.

இனி, சொல்வதற்குக் கடினமான ஒன்றைச் சொல்லவேண்டும். நாகசாகிப் பகுதியில் ஆண்டுதோறும் புத்தாண்டு வேளையில் அதிகாரிகள் நம் ஆண்டவரின் அல்லது மாதாவின் உருவம் பதித்த பலகையைத் தரையில் வைத்து, ஒவ்வொருவரையும் அதன்மேல் கால்வைத்து நடக்கச் சொல்வார்கள். தயங்கியவன் அகப்பட்டான். 1620-களின் இறுதியில் தொடங்கிய இந்த வழக்கம் 1850-களில்தான் ஒழிந்தது. மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்களும் மிதித்தார்கள். ஆம், மிதித்தார்கள். தாய்மார் கைக்குழந்தையோடு வந்து மிதித்தார்கள். பிறகு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மனஸ்தாபச் செபம் சொன்னார்கள். 1603-இல், குருக்கள் இன்னும் இருந்த காலத்திலேயே, உத்தம மனஸ்தாபத்தைப் பற்றி ஒரு சிறு நூல் அவர்களுக்காக ஆயத்தம் செய்யப்பட்டிருந்தது. குரு கிடைக்காத இடத்தில், முழு மனத்தோடு தேவனை முன்னிட்டுப் பாவத்துக்காக வருந்தி, வாய்ப்புக் கிடைக்கும்போது பாவசங்கீர்த்தனம் செய்வதாகத் தீர்மானித்தால் பாவம் பொறுக்கப்படும் என்பது அதன் போதனை. நம் பழைய ஞானோபதேசத்திலும் இதுவே உள்ளது. அந்தச் சிறு நூலைக் கையால் பெயர்த்தெழுதிப் பெயர்த்தெழுதி இருநூறாண்டு காத்தார்கள்.

வீட்டில் சாவு விழுந்தால் சட்டப்படி புத்த துறவியே வந்து ஓதவேண்டும். அவர் முன்கூடத்தில் ஓதிக்கொண்டிருக்கையில், பக்கத்து அறையில் சிலர் தாழ்ந்த குரலில் அந்த ஓதலை நீக்கும் செபத்தைச் சொல்வார்கள். இதற்கென்று சில ஊர்களில் ஒரு குடம்கூட வைத்திருந்தார்கள். வேதசாட்சிகளுக்குப் பீடம் எழுப்பிப் பாட்டுப் பாடுகிறோம், அது தகும். ஆனால் காலால் மிதித்துவிட்டு வந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டு அழுதவர்களின் வழியாகத்தான் அவ்வூர்களில் விசுவாசம் பேரப்பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. நம் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் பலகைக்கு அப்பால் விம்முகிற குரல்களைக் கேட்டுக்கேட்டு, நமக்கு இவர்கள்மேல் வரவர மதிப்புக் கூடுகிறது.

1865-ஆம் ஆண்டு. வெளிநாட்டாருக்கென்று நாகசாகியில் ஓவுரா என்னும் மேட்டில் ஓர் ஆலயம் புதிதாய் எழும்பியிருந்தது. பெர்னார்து பெத்திஜான் என்ற பிரெஞ்சுக் குருவானவர் அங்கிருந்தார். மார்ச் 17, வெள்ளிக்கிழமை. உரகாமியிலிருந்து ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாகப் பத்துப் பதினைந்துபேர் வேடிக்கை பார்க்க வந்தவர்களைப்போல் வாசலில் நின்றார்கள். குருவானவர் கதவைத் திறந்துவிட்டு, நற்கருணைப் பேழைக்கு முன் முழந்தாளிட்டார். யூரி என்னும் பெண்மணி அருகே வந்து, தங்கள் இருதயமும் அவர் இருதயமும் ஒன்றே என்று காதோடு சொன்னார். உடனே அடுத்த கேள்வி: சாந்தா மரியாவின் சுரூபம் எங்கே? குழந்தை சேசுவை ஏந்திய மாதா சுரூபத்தைக் காட்டியதும் எல்லாரும் சுற்றி மண்டியிட்டார்கள்.

அதன்பின் அவர்கள் சொன்ன ஒரு வார்த்தைதான் நம்மைக் கட்டிப்போடுகிறது. இப்போது துக்க காலத்தின் பதினேழாம் நாள், நீங்களும் இதை அனுசரிக்கிறீர்களா என்று குருவானவரைக் கேட்டார்கள். அவ்வாண்டு விபூதித் திருநாள் மார்ச் 1. எண்ணிப் பாருங்கள், மார்ச் 17 தபசு காலத்தின் பதினேழாம் நாளேதான்! குருவுமின்றி உரோமாபுரியோடு கடிதப் போக்குவரத்துமின்றி, தாளும் மையும் அரிதான வீடுகளில், உழுது பிழைத்தவர்கள் வைத்திருந்த கணக்கு ஒருநாளும் பிசகவில்லை. பின்னர் வேறு ஊரிலிருந்து வந்த தண்ணீர்க்காரர் ஒருவர் உரோமாபுரியின் பெரிய தலைவரைப் பற்றி விசாரித்துவிட்டு, குருவானவருக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டு, இல்லை என்று அறிந்தபின்பே நிம்மதி அடைந்தார். குருவைச் சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொண்ட பொதுமக்கள் இவர்கள்.

இனி எல்லாம் மங்களம் என்று நினைத்தால், இல்லை. தடைச்சட்டம் நீங்கியிருக்கவில்லை. இறந்தவர்களைப் புத்த துறவியின்றித் தாங்களே அடக்கம் செய்யத் துணிந்ததால் 1867-இல் உரகாமியில் கைதுகள் தொடங்கின. 1868 முதல் ஊர் முழுவதும், ஏறக்குறைய 3,400 பேர், குடும்பம் குடும்பமாய்ப் பிரிக்கப்பட்டு நாட்டின் பல மூலைகளுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். 600 பேருக்கு மேல் திரும்பவில்லை. சுவானோ என்ற இடத்தில் மூன்றடிச் சதுரக் கூண்டில் ஆட்களை மடக்கி அடைத்தார்கள், உறைந்த குளத்தில் இறக்கினார்கள். வெளிநாடுகளின் வற்புறுத்தலால் 1873-இல் தடைப்பலகைகள் அகற்றப்பட்டன. மிஞ்சியவர்கள் வீடு திரும்பியபோது வயலில் களை, வீட்டில் ஒன்றுமில்லை. உடைந்த பாண்டத்தின் ஓட்டுத் துண்டுகளால் மண்ணைக் கிளறி விதைத்தார்கள் என்று சொல்வார்கள். அந்தக் கொடிய ஐந்து ஆண்டுகளை அவர்கள் 'பயணம்' என்ற ஒரு சாதாரணச் சொல்லால் மட்டுமே குறிப்பிட்டார்கள்.

மறைந்து வாழ்ந்தவர்கள் எல்லாருமே குருக்களிடம் திரும்பி வந்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். இகிட்சுகி போன்ற இடங்களில் பலர் தங்கள் உள்ளறைப் படத்தையும் பாட்டன் சொல்லித்தந்த ஒராஷோவையும் விட்டுவர மனமின்றி அப்படியே நின்றுவிட்டார்கள். தவறு என்று வேதசாத்திரம் சொல்லும். ஆனால் வந்த குருக்கள் இன்னும் கொஞ்சம் மெதுவாகப் பேசியிருக்கலாமோ என்று, தூணோரத்துப் பாட்டியை நினைக்கும்போது நமக்குத் தோன்றுகிறது.

திரும்பிவந்த உரகாமி மக்கள், தங்கள் முன்னோர் ஆண்டுதோறும் பலகை மிதித்த ஊர்த்தலைவர் வீட்டு மனையையே விலைக்கு வாங்கினார்கள். அவ்விடத்தில் பெரிய ஆலயம் எழுப்ப 1895-இல் தொடங்கி, 1914-இல் முடித்தார்கள். 1925-இல் இரு கோபுரங்களும் மணிகளும் வந்தன. 1945 ஆகஸ்டு 9, காலை 11 மணி 2 நிமிடத்துக்கு அணுகுண்டு வெடித்தது அந்த ஆலயத்துக்கு மிக அருகே. பங்கு மக்கள் 12,000 பேரில் சுமார் 8,500 பேர் மாண்டார்கள்.

மாண்டவர்களில் மிதோரி என்னும் இல்லத்தரசி ஒருவர். அவருடைய முன்னோர் உரகாமியில் பரம்பரையாக நாட்காட்டிக்காரராய் இருந்தவர்கள். கணவர் தகாஷி நாகாய், கதிரியக்க மருத்துவர். மனைவியின் குடும்பத்தோடு பழகியதாலும் தம் தேட்டத்தாலும் ஞானஸ்நானம் பெற்றவர். குண்டு விழுந்த வேளையில் மருத்துவமனையில் காயமுற்றும், பிறரைக் காப்பாற்றிக்கொண்டிருந்த அவர், இரண்டு நாள் கழித்தே வீட்டைத் தேடிப் போனார். வீடு இல்லை, சாம்பல் இருந்தது. அடுக்களை இருந்த இடத்தில் மனைவியின் எலும்புகள் கருகிக் கிடந்தன. அதனருகே உருகிப்போன செபமாலை, சங்கிலியும் சிலுவையுமாக. எலும்புகளை ஒரு வாளியில் சேர்த்து எடுத்துக்கொண்டு நடந்தார். ஏற்கெனவே இரத்தப் புற்றுநோயால் நாள் குறிக்கப்பட்டிருந்த அவர், பின்னர் இரண்டு பாய் விரிக்கும் அளவான குடிசையொன்றில் படுத்தபடியே எழுதிக்கொண்டிருந்து, 1951 மே 1-இல் இறந்தார். நாட்காட்டிக்காரரின் வழிவந்த பெண் செபமாலையும் கையுமாய் அடுக்களையில் இறந்ததில், எத்தனை தலைமுறைப் பழக்கம் இருந்திருக்கும்!

இடிபாடுகளுக்குள் ஆலய மணிகளுள் ஒன்று உடையாமல் அகப்பட்டது. 1945 கிறிஸ்துமஸ் இரவில் மரக்கட்டைகளை முக்காலியாய் நிறுத்தி அதைத் தூக்கிக் கட்டி அடித்தார்கள். உடைந்துபோன மற்ற மணியின் இடம் நெடுங்காலம் வெறுமையாய் இருந்தது. அமெரிக்கக் கத்தோலிக்கர் காணிக்கையாய் அளித்த புது மணி அங்கு ஏற்றப்பட்டு, 2025 ஆகஸ்டு 9-இல் இரு மணிகளும் 80 ஆண்டுகளுக்குப் பின் சேர்ந்து ஒலித்தன.

நம் பங்குக்குத் திரும்புவோம். 2020-ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் இறுதியில் ஊரடங்கு. குருத்து ஞாயிறு, பெரிய வெள்ளி, ஏப்ரல் 12-இல் பாஸ்குத் திருநாள், எல்லாவற்றுக்கும் கோயில் கதவு சாத்தியே கிடந்தது. வெறும் பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு நாம் பூசை செய்தோம். நாமில்லாமல் இவர்கள் என்ன ஆவார்களோ என்ற கவலை ஒருபுறம். உண்மையைச் சொன்னால், நாமில்லாமலே பழகிவிடுவார்களோ என்ற பயம் மறுபுறம். தளர்வு வந்தபின் வீடு சந்திக்கப் போனோம். ஒரு வீட்டில் பெரிய வெள்ளியன்று அரிசிப் பானையைக் கவிழ்த்து, அதன்மேல் பாடுபட்ட சுரூபத்தைச் சாத்தி முத்திசெய்ததாகச் சிறுபிள்ளை சொன்னாள். இன்னொரு வீட்டில் வேலையிழந்த தகப்பன், அதுவரை செபமாலைக்கு உட்காராதவர், தினமும் பத்து மணி முன்னின்று சொன்னதாக மனைவி சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சாமி, தப்பா ஏதும் செஞ்சிட்டோமா?" என்று பல வீடுகளில் கேட்டார்கள். ஜப்பானில் தண்ணீர்க்காரர்களும் தாங்கள் கொடுத்த ஞானஸ்நானம் செல்லுமா என்று இப்படித்தான் கேட்டிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டோம்.

விழாக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தோம், ஒப்புக்கொண்டார்கள். கோயில் அலுவலறையில் நீண்ட கோடுபோட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்கிறது. உங்களுக்குச் சிலுவை அடையாளம் போடக் கற்றுக்கொடுத்தவர் யார், வறுமையிலும் சாவிலும் உங்கள் வீட்டில் செபத்தை அணையாமல் வைத்திருந்தவர் யார் என்று பெயரும் தெருவும் எழுதுங்கள். அவர் என்ன சாமானைக் கையில் வைத்திருந்தார் என்பதையும் எழுதுங்கள். பழைய செபப் புத்தகமோ, மெழுகு படிந்த விளக்கோ, எதுவானாலும் சரி. எழுதத் தெரியாதவர்கள் ஞாயிறு பூசைக்குப்பின் வந்து சொன்னால் நாமே எழுதிக்கொள்வோம். அடுத்த யூபிலிக்கு மலர் போடுகிறவர் நம்மைப்போல் தடுமாற வேண்டாம்.

முதல் பக்கத்தில் நாம் ஒரு பெயரை எழுதி வைத்திருக்கிறோம். அவர் இப்பங்கைச் சேர்ந்தவரல்லர், ஆகையால் வியப்படைய வேண்டாம். அந்தக் கடற்கரை ஊரிலிருந்து மாற்றலாகிப் போகுமுன் அவருக்கு நோயில்பூசுதல் கொடுக்கப் போனோம். கயிற்றுக் கட்டிலில் கண்மூடிக் கிடந்தார். நாம் தொடங்குமுன்பே அவர் உதடு அசைந்தது. குனிந்து கேட்டோம். "பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று நாமும் அப்படியே சொன்னோம்.